செமோர் சாலையில் ஒரு நாடாளுமன்றம்

பெயர் வாசிப்பு தொடங்கியதும் கனகராஜ் மெல்லுவதை நிறுத்திவிடுவார். மடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிந்து கிடக்கும். ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்த கைபேசியில், கோட்டு போட்ட ஆண்களும் முக்காடிட்ட பெண்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். செயலாளர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராக "ப்ரெசென்ட்" என்பார்கள். 'எஸ்' வரிசை வர நேரமாகும். "சாண்டிகன், நோர்தின்" என்று கூப்பிட்டு, அதற்குக் கரகரத்த குரலில் ஒரு பதில் வந்த பிறகுதான் வாயிலிருக்கும் சோறு உள்ளே இறங்கும். "பேர 'ஏ'வுல ஆரம்பிக்கிற மாதிரி வெச்சிருக்கக் கூடாதா இந்த மனுசன்?" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொல்வார்.

வேன் நிற்பது மலேசியாவில், ஈப்போ நகரை அடுத்த செமோருக்கு வெளியே, ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு எதிரே, மரத்தடியில். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்ட வேன்காரர்கள் அங்கேதான் ஒதுங்குவார்கள். சிலர் தூங்குவார்கள், சிலர் பழைய பாட்டுக் கேட்பார்கள். கனகராஜ் நாடாளுமன்றம் பார்ப்பார். அதுவும் அவர் நாட்டு நாடாளுமன்றம் அல்ல. அதனால் அவருக்கு 'வைபி' என்று பெயர் விழுந்துவிட்டது. இங்கே மாண்புமிகுக்களை அழைக்கும் மலாய்ச் சுருக்கம் அது.

"ஈப்போ நடுவுல நம்ம சட்டமன்றம் இருக்கு. ஒரு நாளாச்சும் அத எட்டிப் பாத்திருக்கியா மச்சான்?" என்பார் பக்கத்து வேன்காரர் சீனி.

"அது தானா ஓடும்டா. இதுதான் எப்ப நின்னு போகும்னு தெரியல."

"இவன தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டு போயி சேத்துருங்க லா." மனநல மருத்துவமனைக்குப் பேர்போன ஊர் அது.

"நான் குடியிருக்கறதே அங்கதான்டா. நீ வேற எடம் பாரு."

அவர் பார்ப்பது தெற்குப் பிலிப்பைன்ஸில், மிண்டனாவ் தீவில், முஸ்லிம்களுக்கென்று தன்னாட்சி கிடைத்த பகுதியின் இடைக்கால நாடாளுமன்றம். பல பத்தாண்டுச் சண்டைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் வந்தது. ஒப்பந்தத்தின் பேரில் ஒரு சபை வந்தது. அதில் இருப்பவர்கள் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் அல்ல, நியமிக்கப்பட்டவர்கள். முறையான தேர்தல் வரும் வரைக்கும் இவர்கள் என்று ஏற்பாடு. அந்தத் தேர்தல் தள்ளிப் போய், மறுபடியும் தள்ளிப் போய், இன்னும் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. கனகராஜ் இதை மரத்தடியில் விளக்கிவிட்டுக் கேட்பார். "பாதிப் பேரு துப்பாக்கிய வெச்சிட்டு பேனா எடுத்தவனுங்கடா. பேனாவுல மை தீந்து போச்சுன்னா, கை எங்க போவும்?"

ஆள் உயரம். ஐம்பத்தாறு வயதுக்கு முதுகு இன்னும் நேராகத்தான் நிற்கிறது. இருபத்தோரு வருட ராணுவச் சேவை அது. ஆனால் கண்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. எந்தக் கடையிலும் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். வண்டியை எடுப்பதற்கு முன் நான்கு சக்கரத்தின் நட்டுகளையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்ப்பார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் "என்னமோ சரியில்ல", குரைக்காவிட்டாலும் "என்னமோ சரியில்ல". அவர் மனைவி துளசி தமிழ்ப்பள்ளி ஒன்றின் கேண்டீனில் சமைக்கிறார். "இவருக்கு எல்லாம் சரியா இருந்தா அதுதாங்க சரியில்ல" என்பது அவர் கணிப்பு.

கனகராஜ் பிறந்தது செமோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். இன்று அது மூன்று வீடமைப்புப் பகுதிகளும் ஒரு பெட்ரோல் நிலையமுமாகக் கிடக்கிறது. அங்கே விடிவதற்கு முன் பெரட்டு நடக்கும். மண்டோர், அதாவது கங்காணி, பெயர்களை வாசிப்பார், ஆட்கள் பதில் சொல்வார்கள். பதில் வராத பெயர் என்றால் காய்ச்சல், இல்லையென்றால் பாம்பு, அதுவும் இல்லையென்றால் அதைவிட மோசமானது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் நின்ற காலத்திலேயே, பதில் வராத பெயர்களை எண்ணக் கற்றுக்கொண்டார். கடல் தாண்டிய சபையில் செயலாளர் பெயர் கூப்பிடுவதையும் அவர் பெரட்டு என்றுதான் சொல்கிறார்.

நோர்தின் சாண்டிகனைத் தெரிந்தது ராணுவத்தின் கடைசி வருடங்களில். போர்நிறுத்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் பல நாட்டவர் கலந்த ஒரு கண்காணிப்புக் குழு மிண்டனாவில் இருந்தது. மலேசியா அதற்குத் தலைமை. கனகராஜ் கோப்பரல், வண்டியும் ரேடியோவும் அவர் பொறுப்பு. குழுவில் யார் கையிலும் ஆயுதம் கிடையாது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகத் தகவல் வந்தால், கொடியைக் கட்டிக்கொண்டு அந்தத் திசைக்கே வண்டியை விட வேண்டும். போராளிகள் தரப்பிலிருந்து கூட வருகிற ஆள்தான் நோர்தின். இளவயதில் மலேசியாவின் சபா மாநிலத்துக்கு ஓடி வந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் என்பதால் மலாய் சரளம். முதல் நாளே கனகராஜின் வலது கையைப் பார்த்துவிட்டு, "உன் அப்பன் ரப்பர் மரம் வெட்டுனவனா? நீ ஸ்டீயரிங்கப் புடிக்கிறதே கத்தி புடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அன்று முதல் அவர் இவருக்கு அபாங், அண்ணன்.

அந்த வருடம் நெடுஞ்சாலை ஓரத்தில் தார்ப்பாய்க் கூடாரங்களில் ஜனம் நிறைந்து கிடந்தது. சண்டைக்கு ஓடி வந்தவர்கள். தம்பூனான் என்ற சதுப்பு நிலக் கிராமத்துக்காரர்களைத் திரும்பப் போகச் சொல்லலாமா என்று அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் பானையோடு ஒரு பெண் நேராக இவர் வண்டியிடம் வந்தாள். சாப்பியா என்று பெயர். நோர்தின் மொழிபெயர்க்க, "நாங்க போலாமா, போக வேணாமா? ஒரே வார்த்த சொல்லு" என்றாள். ரேடியோவில் அப்போதுதான் நல்ல செய்தி வந்திருந்தது. கனகராஜ், "போலாம்" என்றார்.

"உன் பேரு என்ன?"

சொன்னார். எதற்கு என்று கேட்டார்.

"ஏதாவது ஆச்சுன்னா யார் பேரச் சொல்லித் திட்டுறது?"

அவர் பெயரை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் உருட்டிப் பழகிக்கொண்டு அவள் நடந்துவிட்டாள். கோப்பரல் கனகராஜ் அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கிய நாள் குறைவு. ஓய்வு பெற்றார், வேன் வாங்கினார், கண்காணிப்புக் குழுவும் காலம் முடிந்து கலைந்தது. ஆனால் எங்கேயோ ஒரு சதுப்பு நிலத்தில் ஒருத்தியின் வாயில் தன் பெயர் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் கலையவில்லை. நோர்தினை அந்தச் சபைக்கு நியமித்தபோது துள்ளிக் குதித்து மரத்தடி முழுக்கத் தேத்தாரே டீ வாங்கிக் கொடுத்தார். அன்று தொடங்கியதுதான் இந்தப் பார்வை. சபையில் ஆங்கிலம் அதிகம். பாதி புரியும், மீதியை முகங்களைப் பார்த்து ஊகித்துக்கொள்வார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, "சாண்டிகன், நோர்தின்" என்று கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

கனகராஜ் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டார். காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அடுத்த அமர்விலும் பதில் இல்லை. அழைத்தால் மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாம் நாள் பேஸ்புக்கில் அந்த வட்டாரத்து ஆள் ஒருவர் நான்கு வரி போட்டிருந்தார்: தம்பூனானில் துப்பாக்கிச் சூடு, ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் தஞ்சம். அந்த ஊர்ப் பெயரையே அவர் திரும்பத் திரும்பப் படித்தார்: சாப்பியாவின் ஊர்.

அன்று மதியம் இரண்டாம் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும்போது நிறுத்தம் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டார்.

"அண்ணே! அண்ணே, பிரேக் போடுங்க! ரெண்டு பேரு மழையில நிக்கறாங்க, நீங்க பாட்டுக்குப் போறீங்க?" என்று பின்னாலிருந்து கத்தினாள் வீரம்மா. பொதி கட்டும் பிரிவில் வேலை. வேனில் அவளுக்கு டிரைவர் சீட்டுக்குப் பின் இருக்கை நிரந்தரம்.

"பாக்கல லா, வீரம்மா."

"பாக்காம இருக்கற ஆளா நீங்க? ஈ போனாக்கூட பாப்பீங்களே."

வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். துளசி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்னதாங்க ஆச்சு?"

சொன்னார்.

"நீங்க ரிட்டயர் ஆகி வருசம் எத்தன ஆச்சு? அந்தக் குழுவையே கலைச்சிட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"குழுவத்தான் கலைச்சாங்க. எம்பேரு அங்கயேதான இருக்கு?"

"அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யா?"

"இல்ல."

"அப்பறம்?"

"அன்னைக்கு அது உண்மதான். ஆனா அந்தப் பொம்பளைக்கு அது அன்னைக்கு மட்டும் இல்லயே துளசி."

துளசி அவர் தட்டிலிருந்த கருவாட்டை எடுத்து முள் நீக்கி, திரும்ப அவர் தட்டிலேயே வைத்தார்.

அழைப்பு மறுநாள் மதியம் வந்தது. தஞ்சோங் ரம்புத்தான் அடுக்குமாடிக்குக் கீழே இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெயில் பொசுக்கியதால் ஏர்கானுக்காக என்ஜினை ஓடவிட்டிருந்தார். திரையில் நோர்தின்! நான்கு நாள் தாடி, அழுக்குச் சட்டை. கோட்டில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடையாளம் தெரிய ஒரு கணம் ஆனது.

"அபாங்! எங்க போய்த் தொலஞ்சீங்க? ரெண்டு அமர்வா உங்க பேரக் கூப்பிடறாங்க!" இதை மலாயில் கத்தினார். வேனிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நோர்தின் நிதானமாகச் சொன்னார். சண்டை அரசாங்கத்தோடு அல்ல. நிலத் தகராறு. ஒரு காலத்தில் ஒரே அணியில் இருந்த இரண்டு குடும்பங்கள், கையில் மிச்சம் வைத்திருந்த துப்பாக்கிகளை எடுத்துவிட்டன. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி வீடு இருக்கிறது. நோர்தின் தன் மனைவியோடு போய் அதில் குடியேறிவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் அவர் உறவு. அவரைத் தாண்டிச் சுட யாருக்கும் கை வரவில்லை. நேற்றிரவு இரண்டு தரப்பும் பெரியவர்கள் முன்னால் கை கொடுத்துவிட்டன. தஞ்சம் புகுந்த ஜனத்திடம் அதைச் சொல்ல இப்போது பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார்.

"நல்லது அபாங். ரொம்ப நல்லது. ஆனா இந்த வாரம் தொகுதி பிரிக்கிற மசோதா வருது. நீங்க அங்க இருக்கணும். அது வராம தேர்தல் எப்படி வரும்? உங்க நாற்காலி காலியா கெடக்கு."

"காகிதத்துல குடுத்த நாற்காலி, ராஜ். காகிதத்துலயே எடுத்துக்குவாங்க. அடுத்த நியமனத்துல நான் இருப்பேனோ இல்லையோ. இங்க இருந்தா நாலு பேரு சாகாம இருக்காங்க. அங்க உக்காந்து நான் என்ன செஞ்சேன்?"

கனகராஜுக்குக் கோபம் வந்தது. தன் பயத்துக்கெல்லாம் அந்தச் சபைதான் ஒரே மருந்து என்று நம்பி உட்கார்ந்திருப்பவரிடம் இப்படியா பேசுவது? வாயைத் திறப்பதற்குள் திரை ஆடியது. ஒரு பெண் கை கைபேசியைப் பிடுங்கியது. கன்னம் ஒட்டிப் போயிருந்தாலும் அந்த முறைப்பு மாறவில்லை.

"கனா-க-ராஜ்" என்றாள் சாப்பியா.

"ஆமாம்மா."

அவள் திட்டத் தொடங்கினாள். அவள் மொழியில் பாதி, உடைந்த மலாயில் பாதி. போலாம்னு சொன்னாயே, ஆறு நாளாகப் பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்திருக்கிறேன், கொசு தின்கிறது, உனக்கென்ன, நீ கப்பலேறிப் போய்விட்டாய். கனகராஜ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வீரம்மா முன்னால் குனிந்து, "யாருண்ணே இந்தக்கா, இப்படி ஏசுது?" என்று கேட்டாள். இவர் கையைக் காட்டி அவளை அடக்கினார்.

மூச்சு வாங்கிக்கொண்டு சாப்பியா கேட்டாள். "இவன் போயி உக்காந்திருக்கானே ஒரு சபை, அங்க எங்க ஊரு பேர ஒரு தடவையாச்சும் எவனாவது சொன்னானா?"

"நீங்க பாத்ததில்லயா?"

"எவன் உக்காந்து அதையெல்லாம் பாப்பான்?"

"நான் பாத்தேன்" என்றார் கனகராஜ். "சொன்னாங்க. இவருதான் சொன்னாரு. போன வருசம். எந்திரிச்சி நின்னாரு, மைக்க ஆன் பண்ண மறந்துட்டாரு, பக்கத்துல இருந்த அம்மா வந்து அழுத்துனாங்க. தம்பூனானுக்கு ஒரு பாலம் வேணும்னாரு. தென்ன மரத்து மேல நடந்துதான் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போவுதுன்னாரு. சபாநாயகர் எழுதிக்கிட்டாரு. குழுவுக்கு அனுப்பியிருக்காங்க."

சாப்பியா திரும்பி நோர்தினைப் பார்த்தாள். இதை அவர் ஊரில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்தது.

"பாலம் வருமா?"

"தெரியலம்மா."

"சரி. இப்ப நான் வீட்டுக்குப் போலாமா, போக வேணாமா?"

வேனுக்குள் ஏர்கான் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு வாயில் வந்த வார்த்தை இன்றைக்கும் தயாராக நாக்கில் வந்து நின்றது. கனகராஜ் அதை விழுங்கினார்.

"தெரியலம்மா. என்னால சொல்ல முடியாது."

"இதையாச்சும் உண்மையாச் சொன்னியே" என்றாள் சாப்பியா. பிறகு, "நான் நடக்கறேன். நீ பாத்துக்கிட்டே இரு. அதுதான உன் வேல?"

கைபேசியை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரையில் முதலில் அவள் காலிலிருந்த ஜப்பான் சிலிப்பர் தெரிந்தது, அப்புறம் சேறு, அப்புறம் வானம். முன்னால் நோர்தின் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு போனார். ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்கால் வந்தது. அதன் குறுக்கே தென்னை மரம் ஒன்று கிடந்தது. அவள் அதில் கால் வைத்ததும் வேனில் யாரோ "ஐயோ" என்றார்கள். திரும்பிப் பார்த்தால் ஏறிய ஆட்கள் அத்தனை பேரும் அவர் சீட்டுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். நேப்பாளத்துக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தொழிற்சாலை மேற்பார்வையாளரின் அழைப்பு திரையின் மேல் வந்து வந்து போனது. கனகராஜ் எடுக்கவில்லை. "நேரமாச்சு" என்று யாரும் சொல்லவும் இல்லை.

அக்கரையில் ஒரு வீட்டுப் படியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். மடியில் துப்பாக்கி. அவன் தலையைத் தூக்கினான். அந்த இடத்தில் படம் உறைந்தது.

வீரம்மாவின் விரல்கள் அவர் சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்தன. உறைந்த படத்தில் அந்த ஆளின் வாய் பாதி திறந்திருந்தது. சத்தமும் நின்றுவிட்டது. வெளியே ஓர் ஐஸ்கிரீம்காரரின் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

பிறகு சத்தம் முதலில் வந்தது. மூச்சிரைப்பு. ஒரு கதவு கிறீச்சிட்டது. படம் வந்தபோது அவள் ஒரு மரவீட்டுக்குள் நின்றுகொண்டு சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். வெளியே ஓடினாள், கொல்லைக்குப் போனாள், குனிந்து எதையோ தேடினாள். அடுத்த நொடி காது கிழிய ஒரு கத்தல். கனகராஜுக்கு உயிர் போய் வந்தது.

"என் கோழி! ஒண்ணு விடாம தின்னுட்டானுங்க!" அவள் நோர்தினின் சட்டையைப் பிடித்திருந்தாள். "நாளைக்கே போற. உன் நாற்காலியில உக்காந்து, அந்த மைக்க அமுக்கி, தம்பூனான்ல என் கோழிய எல்லாம் தின்னுட்டானுங்கன்னு சொல்ற. பாலத்தயும் கேக்கற. போறியா இல்லியா?"

"போறேன், போறேன்" என்று நோர்தின் சொல்வது கேட்டது. அவர் கனகராஜின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

கறுத்த திரையில் கனகராஜின் முகம்தான் தெரிந்தது. பின்னால் எல்லோரும் சத்தமில்லாமல் அவரவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். "அண்ணே, போலாம்" என்றாள் வீரம்மா, மெதுவாக.

அவர் கண்ணாடியைச் சரி செய்தார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். சாவியை முழு பலத்தோடு திருகினார். ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த என்ஜின் அரைபட்டு அலறியது. வேனில் ஒருவரும் சிரிக்கவில்லை.